பன்னிரண்டாம் பக்கம்

அக்கா எதையும் வாசிக்க மாட்டார். வாசிக்கத் தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கையெழுத்து என்னுடையதைவிட அழகு. ஆனால் மலையகத்து ஹட்டனில் நாங்கள் இருவரும் வேலை செய்த அச்சகத்தில், அவர் மேசை வழியாகப் போன எத்தனையோ ஆயிரம் தாள்களில் ஒரு வரியைக்கூட அவர் வாசித்து நான் பார்த்ததில்லை. பக்கத்தின் அடியில் இருக்கும் எண்ணைப் பார்ப்பார். அது சரியாக இருந்தால் போதும்.

நான் கணினியில் பக்கம் அமைப்பவள். சொந்தமில்லாவிட்டாலும் வயதுக்காக நான் அக்கா என்று கூப்பிட்ட அவரின் வேலை, அந்தப் பக்கங்கள் பெரிய தாளில் எந்த இடத்தில் எப்படி உட்கார வேண்டும் என்று சொல்வது. அச்சாகி வந்ததும் மடித்து, பின் அடித்து, புத்தகமாக்குவது. பதினாறு பக்கப் புத்தகம் என்றால் முன்புறம் எட்டுப் பக்கம், பின்புறம் எட்டுப் பக்கம் என்று ஒரே தாளில் அடிப்போம். அதற்கு ஒரு பாரம் என்று பெயர். விரித்த தாளைப் பார்த்தால் தலை சுற்றும். ஒன்றுக்குப் பக்கத்தில் பதினாறு இருக்கும். மேல் வரிசை முழுக்கத் தலைகீழாக இருக்கும். மூன்று முறை மடித்து ஓரத்தை வெட்டினால்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரும். அக்கா வெள்ளைத் தாள் ஒன்றை மடித்து, பென்சிலால் எண் போட்டு, விரித்து என் மேசையில் வைப்பார். அதைப் பார்த்து நான் கணினியில் அடுக்குவேன்.

"பக்கத்துப் பக்கத்து நம்பரக் கூட்டுங்க தங்கச்சி. பதினேழு வருதா?"

நாலும் பதின்மூன்றும் பதினேழு. ஐந்தும் பன்னிரண்டும் பதினேழு. எங்காவது பதினெட்டு வந்தால் நான் பிழைவிட்டிருக்கிறேன் என்று அர்த்தம். கோபிக்க மாட்டார். "இன்னொருக்கா பாருங்க" என்பார். அவ்வளவுதான்.

முதலாளியை நாங்கள் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். அக்காவின் இந்தக் குணம் அவருக்குப் பெரிய வசதி. பள்ளிக்கூடத் தவணைப் பரீட்சைத் தாள்கள் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அக்காவிடம் கொடுப்பார். ஒருமுறை டியூஷன் வகுப்பு நடத்தும் ஒரு டியூட்டரி மாஸ்டர் அக்காவைக் கடைத்தெருவில் பிடித்து, கணிதத் தாளில் என்ன கேள்வி வந்திருக்கிறது என்று கெஞ்சியிருக்கிறார். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏழாம் பக்கத்துக்குப் பக்கத்துல பத்தாம் பக்கம் இருந்திச்சிங்க சேர். அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றாராம். மாஸ்டர் அது கிண்டல் என்று எடுத்துக்கொண்டு ஹாஜியாரிடம் வந்து முறையிட்டார். ஹாஜியார் சிரித்த சிரிப்பு கீழ்த் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

எனக்கு அது எப்போதும் சிரிப்பாக இருந்ததில்லை. அக்கா தங்கியிருந்த அறைக்கு எதிரே கோவா, கரட் என்று மரக்கறி விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் காலமானார். அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவு மடலை நாங்கள்தான் அடித்தோம். பெரிய வண்ணப்படம் போட்டது. இருநூறு மடல்களையும் அக்காதான் மடித்தார். அடுத்த வாரம் தேநீர் குடிக்கும்போது, "அந்தக் கோவா விக்கிற ஐயா ஒரு மாசமா காணல. ஊருக்குப் போயிட்டாரோ என்னவோ" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் விளையாடவில்லை.

"அக்கா, அவரோட கார்ட நீங்கதானே மடிச்சீங்க?"

கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "உள்ள இருக்கிறதெல்லாம் பாக்க ஆரம்பிச்சா கை ஓடாது தங்கச்சி" என்றார்.

அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம். கொழும்பில் ஓர் அச்சகக்காரர் வீட்டில் சமையல் வேலைக்கு இருந்தவர். வீட்டுக்குக் கீழேதான் அந்த அச்சகம். சமையல் முடிந்ததும் கீழே போய் மடிக்கப் பழகி, பிறகு சமையலை விட்டுவிட்டு முழுநேரமும் அங்கேயே இருந்திருக்கிறார். அந்தக் குடும்பம் வெளிநாட்டுக்குப் போனதும், ஹாஜியாரிடம் சொல்லி இங்கே அனுப்பிவைத்தார்கள். கல்யாணம் ஆகவில்லை. நாற்பது வயதிருக்கும். சொந்தக்காரர்கள் என்று யாரும் தேடி வந்ததில்லை. எந்த ஊர் என்று கேட்டால், "மேல" என்று கையைக் காட்டுவார். ஹட்டனில் நின்று எந்தப் பக்கம் கை காட்டினாலும் மேலேதான்.

அந்த வருடம் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து மாரியம்மன் கோயில் கும்பாபிஷேக மலர் ஒன்று வேலைக்கு வந்தது. பதினாறு பக்கம், ஐந்நூறு பிரதி. கோயில் செயலாளர் எல்லாவற்றையும் வட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிட்டார். குருக்களின் ஆசிச் செய்தி, கோயில் வரலாறு, உபயகாரர் பட்டியல், கடைசியாக ஒரு நினைவஞ்சலிப் பக்கம். கோயிலுக்குப் பக்கத்தில் ஓர் அன்னதான மடம் கட்டியிருந்தார்கள். அதைச் செயலாளர், காலமான தன் அக்காவின் நினைவாகக் கட்டிக் கொடுத்திருந்தார். அந்த அக்காவின் படம் ஒன்றும் இருந்தது. பத்தொன்பது வயதுப் பெண். ஸ்டூடியோவில் பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பக்கத்தில் விறைப்பாக நிற்கிறாள். இடது கையில் பெரிய கைக்கடிகாரம். நான் படத்தின் கறைகளைத் துடைத்து, பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு வைத்து, கீழே 'மலர்வு', 'உதிர்வு' என்று இரண்டு திகதிகளையும் போட்டேன். அது பன்னிரண்டாம் பக்கம். அந்தப் பெண்ணின் பெயரையும் நான்தான் தட்டினேன். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

தாள்கள் அச்சாகி வந்தது ஒரு வியாழக்கிழமை காலை. அக்கா, தாளை அழுத்தி மடிக்கும் மூங்கில் பட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் தாளை விரித்து வைத்து எண்களைப் பார்ப்பது அவர் வழக்கம். பார்த்தார். என் முதுகுப் பக்கமிருந்து மடிக்கும் சத்தம் வரவேண்டும், வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அக்கா தாளைச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார். மேல் வரிசை தலைகீழாக இருக்கும் என்று சொன்னேன் அல்லவா? பன்னிரண்டாம் பக்கம் மேல் வரிசை. அவர் அதை நேராக்கிக் குனிந்து பார்த்தார். உதடு அசைந்தது. முதல்முறையாக அவர் வாசிப்பதைப் பார்த்தேன்.

"தங்கச்சி, இத யாரு குடுத்தா?"

"கோயில் செயலாளர். ஏன்க்கா, நம்பர் பிழையா?"

"நம்பர் சரி."

மூங்கில் பட்டையைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். வேலை நேரத்தில் அந்தக் கைகள் சும்மா இருந்து நான் கண்டதேயில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. ஹாஜியாரைக் கூப்பிட்டேன்.

"என்ன புள்ள, மேலுக்குச் சரியில்லையா?" என்று கேட்டபடி வந்தார் ஹாஜியார்.

அக்கா விரலைப் படத்தின்மேல் வைத்தார். "ஹாஜியார், இது நான்."

"என்னத்த செல்ற?"

"நான்தான் ஹாஜியார். எம் படம். எம் பேரு. இந்தப் பேர விட்டுட்டுத்தான் கொழும்புக்குப் போனேன். நான் செத்துட்டேன்னு போட்டிருக்கு."

ஹாஜியார் படத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். "யா அல்லாஹ்" என்றபடி காகிதக் கட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் இப்போதுதான் பார்த்தேன். நெற்றி, இடது புருவத்தின் மேல் ஏறிய மயிர், காதோரம். ஒரு நாள் முழுக்க அந்த முகத்தைப் பெரிதாக்கிக் கறை துடைத்தவள் நான். ஆறு அடி தூரத்தில் அதே முகம் இருந்திருக்கிறது.

அன்றுதான் சொன்னார். பத்தொன்பது வயதில் அவரைத் தாய்மாமனுக்குக் கட்டிவைக்க நாள் குறித்திருக்கிறார்கள். மாமன் குடித்துவிட்டு முதல் மனைவியை அடித்துத் துரத்தியவன். அந்தப் படம்கூடக் கல்யாணத்துக்காக எடுத்ததுதான். அடுத்த வாரமே, கொழும்புக்கு வேலைக்கு ஆள் பிடிக்கும் ஒருத்தியோடு யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார். மூன்று மாதம் கழித்து வீட்டுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறார். பதில் வரவில்லை.

"வேணாம்னுட்டாங்கன்னு நெனச்சேன். சரி, அவுங்க கோவம். ஆனா செத்துட்டேன்னு எப்படி?"

ஹாஜியார் அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாம் என்றார். வெட்டி நீக்கிவிட்டுக் கொடுப்போம், கேட்டால் மெஷின் பிழை என்று சொல்வோம்.

"பன்னெண்ட எடுத்தா அஞ்சும் வந்துரும் ஹாஜியார். ரெண்டும் ஒரே தாளு. அஞ்சுல குருக்களோட ஆசி இருக்கு. அது எதுக்குக் கெடணும்?" என்றார் அக்கா. அந்த நேரத்திலும் அப்படித்தான் பேசினார். பிறகு பட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ஐந்நூறும் தயார். "கொண்டு குடுக்க நானும் வாறேன்" என்றார்.

வானை ஹாஜியாரே ஓட்டினார். மூன்று பேரும் போனோம். நோர்வூட் தாண்டியதும் மழை. இருபத்திரண்டு வருடம் அக்கா திரும்பிப் பார்க்காத வீடு, ஹட்டனிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்தது.

கோயிலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். செயலாளர் ஓடி வந்தார். நல்ல மனிதர். முப்பத்தைந்து வயதுக்குக் கிட்ட இருக்கும். மழைக்கு ஒதுங்க எங்களைப் புது மடத்துக்குள் கூட்டிப்போனார். ஒரு பிரதியை எடுத்துப் புரட்டினார். பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றார். அந்தப் பக்கத்தை அக்காவிடமே நீட்டினார்.

"இது எங்க அக்காங்க. காசல்ரீ டேம் தண்ணியில விழுந்து செத்துப்போச்சி. அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. என்னைத் தூக்கி வளத்தது அக்காதான். இந்த மடம் அக்கா பேருலதான் கட்டியிருக்கோம்."

நான் தரையைப் பார்த்தேன். ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார்.

அக்கா கேட்டார்: "கையில கட்டியிருக்கிற வாச்சி யாரோடது தம்பி?"

"தெரியாதுங்களே."

"பக்கத்து வீட்டுக் காம்பராவுல எரவல் வாங்கினது. ஓடாத வாச்சி. படம் எடுத்துட்டு வந்தப்புறம் நீ அதத் திருகி முள்ள ஒடைச்சிட்டே. அப்பா வெறகுக் கட்டைய எடுத்தாரு. நான் ஒன் கையப் புடிச்சி இழுத்துக்கிட்டு தேயிலைக்குள்ள ஓடினேன்."

செயலாளர் சிரித்த முகத்தோடுதான் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது. புத்தகம் கையிலிருந்து நழுவியது. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். "அக்கா" என்றார். குரலே வரவில்லை. வாய் மட்டும்தான் அசைந்தது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி, அவர்கள் குடும்பம் இருந்த லயத்து வரிசை வீட்டில் காத்திருந்தது. அப்பா காலமாகி வருடங்களாகியிருந்தன; அம்மா உயிரோடிருந்தார். வாசலில் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். மகன் முன்னால் ஓடி, அழுதுகொண்டே, "அம்மா, யாரு வந்திருக்காங்க பாரு" என்றார். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். மயங்கி விழுவார், அலறுவார் என்று நான் தாங்கிப் பிடிக்கத் தயாராக நின்றேன். அவர் முறத்தைக் கீழே வைத்தார். அக்காவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இப்ப எதுக்கு வந்தே?" என்றார்.

மகன் திரும்பிப் பார்த்தார். "அம்மா, ஒனக்குத் தெரியுமா?"

"உள்ள வாங்க. சனம் பாக்குது."

கதவைச் சாத்திவிட்டு அந்த அம்மா சொன்னதை நான் இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அக்கா காணாமல் போய் எட்டாம் நாள் நீர்த்தேக்கத்தில் ஒரு பெண்ணின் உடல் ஒதுங்கியிருக்கிறது. முகம் தெரியவில்லை. தீபாவளிக்கு முதல் கூட்டுறவுக் கடையில் விற்ற சீத்தைத் துணியில் தைத்த சட்டை. அக்காவிடமும் அதே துணியில் சட்டை இருந்தது. தோட்டத்தில் பாதிப் பெண்களிடம் இருந்தது. அப்பா தன் மகள்தான் என்று அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போட்டார்.

"காலுல வெள்ளிக் கொலுசு கெடந்திச்சி. நம்ம வீட்டுல ஏது கொலுசு? நான் சொன்னேன். ஒங்கப்பா வாயை மூடுன்னாரு. ஓடிப்போயிட்டான்னு சொல்றதுக்கு, செத்துப்போயிட்டான்னு சொல்றது லேசா இருந்திச்சி அந்த மனுசனுக்கு. பெறகு ஒங் காயிதம் வந்திச்சி. படிச்சிட்டு அடுப்புல போட்டுட்டாரு. இப்ப போயி இல்லைன்னா பொலிஸு சும்மா விடுமான்னு கேட்டாரு. நான் என்ன செய்ய? எம் மக எங்கேயோ உசிரோட இருக்கான்னு மனசுக்குள்ளயே வச்சிக்கிட்டேன்."

"அம்மா, நான் மடம் கட்டினப்பக்கூட நீ சொல்லலியே!" மகன் கத்தினார்.

அந்த அம்மாவின் கை முந்தானையை முறுக்கி முறுக்கி விட்டுக்கொண்டிருந்தது. அக்கா அழவுமில்லை, திட்டவுமில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப அங்க கெடக்கறது யாரும்மா?"

"யாரு பெத்த புள்ளையோ."

அம்மா எழுந்து அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அக்கா கையில் வைத்தார். இரண்டு கொலுசுகள், கறுத்துப் போயிருந்தன. அடக்கம் செய்வதற்கு முன் கழற்றி வைத்ததாம். "வருசா வருசம் தீவாளிக்கு விளக்கு வச்சிட்டு வாறேன். அந்தப் புள்ளைக்கு வேற யாரு இருக்கா?" என்றார்.

மயானம் தேயிலைச் சரிவுக்குக் கீழே இருந்தது. சீமெந்துக் கல்லறை. தலைமாட்டில் அக்காவின் பெயர். மழையில் நின்று அதை வாசித்தார். பிறகு தம்பியிடம், இந்தப் பக்கம் இப்படியே போகக்கூடாது என்றார்.

"கும்பாபிசேகம் முடியட்டும்க்கா. ஞாயித்துக்கெழமை பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்க. மானம் போயிரும்."

"எனக்காகக் கேக்கல தம்பி. நான்தான் இருக்கேனே. அந்தப் புள்ளைய யாராச்சும் இன்னும் தேடிக்கிட்டு இருப்பாங்கல்ல?"

அக்கா வானுக்குப் போய்ப் புத்தகக் கட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "திருப்புங்க ஹாஜியார்" என்றார். வேலை கொடுத்தவரின் புத்தகத்தை அவர் அனுமதியில்லாமல் திருப்பிக் கொண்டுபோவது ஹாஜியாருக்கு இலேசான காரியமில்லை. கொஞ்ச நேரம் வானின் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு செயலாளரிடம், "தம்பி, அச்சுல பிழை வந்தா திருத்தித் தாறது எங்கட வேலை. ஞாயிறு காலைல வந்து எடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

பன்னிரண்டாம் பக்கத்தில், படத்துக்குக் கீழே ஒட்டுவதற்கு ஒரு சிறிய துண்டுத்தாள் அடித்தோம். அக்கா சொல்லச் சொல்ல நான் தட்டினேன். 'பிழை திருத்தம். இந்தப் படத்தில் உள்ளவர் உயிரோடு இருக்கிறார். இவர் பெயரில் இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அடக்கம் செய்யப்பட்டவர் வேறொரு பெண். காலில் வெள்ளிக் கொலுசு அணிந்திருந்தார். அந்தக் காலத்தில் தங்கள் பெண்ணைத் தொலைத்தவர்கள் இந்த அச்சகத்துக்கு வந்து பார்க்கவும்.'

சனிக்கிழமை முழுக்க மைதாப் பசை காய்ச்சி ஒட்டினோம். ஞாயிறு விடியற்காலையில் தம்பி வந்தார். கண் சிவந்திருந்தது. ஒரு பிரதியை எடுத்துத் துண்டுத்தாளைப் படித்தார். கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அக்காவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மிச்சமிருந்த பிரதிகளுக்கு ஒட்ட ஆரம்பித்தார். ஒட்டி முடித்து, அவரே வானில் ஏற்றிக்கொண்டு போனார். அன்று அவரே வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்ததாகக் கேள்விப்பட்டோம். சிலர் காறித் துப்பினார்களாம்.

திங்கட்கிழமை அக்காவோடு நானும் பொலிஸுக்குப் போனேன். ஒரு கொலுசை அங்கே கொடுத்து எல்லாவற்றையும் சொன்னோம். எழுதிக்கொண்டிருந்த உத்தியோகத்தர் பேனையை நிறுத்தி, "ஒயா மெரிலானே?" என்றார். நீங்கள் செத்துப்போனவர் அல்லவா என்று சிங்களத்தில் கேட்கிறார். அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அக்கா, "நே மாத்தயா", இல்லை ஐயா, என்று சொல்லி மணிக்கட்டை நீட்டினார், நாடி பார்க்கச் சொல்வதுபோல.

நாங்கள் யாராவது ஒருவர் வருவார் என்று எதிர்பார்த்தோம். வராமலும் போகலாம் என்றார் ஹாஜியார்.

ஏழு குடும்பங்கள் வந்தன.

முதலில் பொகவந்தலாவையிலிருந்தே ஒரு கிழவரும் மகனும். பிறகு நுவரெலியாவிலிருந்து இரண்டு சகோதரிகள். அந்தத் துண்டுத்தாளை யாரோ போனில் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அது மலை முழுக்கச் சுற்றியிருக்கிறது. வீட்டு வேலைக்குப் போய் முகவரி இல்லாமல் போனவர்கள், ஆடைத் தொழிற்சாலைக்கென்று போனவர்கள், பாட்டி வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று பஸ் ஏறியவர்கள். ஒரு கொலுசுக்கு ஏழு பெண்கள். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். இத்தனை பேர் இப்படித் தொலைந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் இதுவரை எதிலும் அச்சடிக்கவில்லை.

அக்கா ஒவ்வொருவரிடமும் பெயர், வயது, கடைசியாக என்ன உடுத்தியிருந்தாள் என்று கேட்டு எழுதிக்கொள்வார். எழுதியதை இரண்டு முறை வாசித்துக் காட்டுவார். கொலுசை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பார். ஏழு பேரும் இல்லை என்றார்கள். அப்பாடா என்று போனவர்கள் உண்டு. இல்லை என்று சொல்லிவிட்டு அழுதவர்கள்தான் அதிகம்.

கடைசியாக வந்தவர் றொசல்லயிலிருந்து காலை ரயிலில் தனியாக வந்த ஓர் அம்மா. அறுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். கொலுசைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. அவர் விரல்களாலேயே வட்டம் வைத்துக் காட்டினார்.

"எம் மகளுக்குக் காலு பெருசு தாயி. இது பத்தாது."

ஆனால் கொலுசைத் திருப்பிக் கொடுக்கவில்லை. முந்தானையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"இது எம் மகளோடதுன்னே வச்சிக்கட்டுமா தாயி? யாரும் வரலைன்னு சொல்றீங்களே. நான் கொண்டுபோயி அந்த எடத்துல ஒரு வெளக்கு வச்சிட்டு, முடிஞ்சி போச்சின்னு இருந்துருவேன். வாசல்ல நாய் கொலைச்சாக்கூட எந்திரிச்சிப் பாக்குறேன். ஒடம்புல தெம்பு இல்ல."

ஹாஜியார் எழுந்து வெளியே போய்விட்டார். கொடுத்துவிடுங்கள் அக்கா என்று எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கறுத்த ஒரு கொலுசு. யாருக்கு என்ன நட்டம்?

அக்கா அந்த அம்மாவின் முன்னால் முழங்காலில் உட்கார்ந்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொலுசை எடுத்துக்கொண்டார்.

"கூடாதும்மா. எங்கப்பா இப்படித்தான் செஞ்சாரு. நான் இருந்தேன்ல? ஒங்க மகளும் இருந்தா?"

அந்த அம்மா வெகுநேரம் அவரைப் பார்த்தார். அக்காவின் கன்னத்தைத் தொட்டார். செத்துப் பிழைத்து வந்த ஒருத்தியை அவர் வேறெங்கே பார்க்கப்போகிறார்?

"நீ போய் நின்னதும் ஒங்கம்மா என்ன தாயி சொன்னாங்க?"

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் அன்று அந்த வாசலில் நின்றவள். அவர் ஒரு பொய் சொல்லி அதற்குமுன் நான் கேட்டதில்லை, பிறகும் கேட்கவில்லை.

"கட்டிப் புடிச்சிக்கிட்டு அழுதாங்கம்மா" என்றார். "எத்தன வருசமானாலும் நீ வருவேன்னு தெரியும்னு சொன்னாங்க."

அந்த அம்மா தலையை ஆட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, குடையை எடுத்து, எழுந்தார். மத்தியான ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. தேநீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றேன்.

"இல்ல மக. வீட்டப் பூட்டிட்டு வந்துட்டேன். அவ வந்தா வெளியில நிப்பா" என்று சொல்லிவிட்டு, படியிறங்கிப் போனார்.